கொண்டையைச் சிறிதாக்கிய துறவி

கனடாவின் கியூபெக் மாகாணத்தில், மான்ட்ரியலுக்கு மேற்கே இருக்கிறது ஓகா. அங்கே டிராப்பிஸ்ட் துறவிகளின் மடம் ஒன்றும் அதைச் சார்ந்த வேளாண் பள்ளியும் இருந்தன. மடத்துக் கோழிப்பண்ணையைக் கவனித்துவந்தவர் சகோதரர் வில்ஃபிரிட் ஷாட்டலான். குளிர்காலத்தில் வெப்பநிலை மைனஸ் 25 டிகிரிக்கும் கீழே போகும் ஊர் அது. அந்தக் குளிரில் கோழிக்கு முதலில் அடிபடுவது கொண்டைதான்.

கோழிக்கு வியர்வைச் சுரப்பி இல்லை. உடம்புச் சூட்டை வெளியேற்ற அதற்குக் கொண்டையும் தாடியும் பெரிதும் உதவுகின்றன. வெயில் நாட்டில் இது பெரிய வசதி. கடுங்குளிரில் அதே கொண்டையின் நுனிகள் உறைந்து, கறுத்து, உதிர்ந்துவிடும். புண்பட்ட சேவல் இனச்சேர்க்கையில் நாட்டம் இழக்கும்; பெட்டை முட்டையைக் குறைக்கும். அமெரிக்காவிலிருந்தும் ஐரோப்பாவிலிருந்தும் வந்த இனங்களே கனடாவின் பண்ணைகளில் இருந்தன. இந்தக் குளிருக்கென்று பிறந்த கோழி ஒன்றும் இல்லை. அதை உருவாக்க 1908இல் வில்ஃபிரிட் இறங்கினார்.

அவர் தேர்ந்தவை ஐந்து இனங்கள். டார்க் கார்னிஷ் சேவலை வெள்ளை லெகார்ன் பெட்டையோடு சேர்த்தார். ரோட் ஐலண்ட் ரெட் சேவலை வெள்ளை வயண்டாட் பெட்டையோடு சேர்த்தார். இரண்டின் வாரிசுகளையும் ஒன்றுகலந்து, பிறகு வெள்ளை பிளைமவுத் ராக்கையும் கொண்டுவந்தார். கார்னிஷ் தந்தது சதைப்பற்று. லெகார்ன் தந்தது முட்டை. கார்னிஷின் முன்னோரில் நம் நாட்டு அசில் சேவலும் உண்டு. சேவல் வளர்ப்போர் 'பூ' என்று சொல்லும் கொண்டை அசிலுக்குச் சின்னதாக, தலையோடு ஒட்டியிருக்கும். பனிநாட்டுக் கோழிக்கு வேண்டிய குணம் ஒன்று வெயில்நாட்டுச் சண்டைச்சேவலிடமிருந்து போயிருக்கிறது என்பது எனக்குத் தீராத வியப்பு.

இதுவரை எளிது. இரண்டு இனத்தைச் சேர்த்துக் குஞ்சு பொரிக்க 21 நாள் போதும். ஆனால் கலப்புக் குஞ்சு வேறு, இனம் வேறு. தாய் தகப்பனைப் போலவே பிள்ளையும், பிள்ளையைப் போலவே பேரனும் பிறந்தால்தான் அது இனம். சிக்கலெல்லாம் பேரன் தலைமுறையில்தான் வெடிக்கும்.

கொண்டையையே எடுத்துக்கொள்வோம். கார்னிஷுக்கு இருப்பது பட்டாணிக் கொண்டை. வயண்டாட்டுக்கு ரோஜாக் கொண்டை. இவற்றைச் சேர்த்தால் குஞ்சுகளுக்கு இரண்டும் இல்லாத மூன்றாவது வகை, வால்நட் கொண்டை வருவதை 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மரபியலாளர்கள் பேட்சனும் பன்னெட்டும் இங்கிலாந்தில் விளக்கினார்கள். அந்தக் குஞ்சுகளைத் தமக்குள் சேர்த்தால் அடுத்த தலைமுறையில் 16க்கு 9 வால்நட், 3 ரோஜா, 3 பட்டாணி. மிச்சமிருக்கும் ஒன்றுக்கு, பாட்டன் பாட்டி இருவருக்குமே இல்லாத ஒற்றைக் கொண்டை! உயரமாக, பல்பல்லாக நிற்கும் அந்தக் கொண்டைதான் பனிக்கு முதலில் பலியாவது. வில்ஃபிரிட்டின் கலப்பில் லெகார்னும் ரோட் ஐலண்ட் ரெட்டும் இருந்தன. இரண்டும் பெரும்பாலும் ஒற்றைக் கொண்டைக்காரர்கள். விரட்ட நினைத்த குணம் கலப்புக்குள்ளேயே பதுங்கியிருந்தது.

பதுங்கியிருப்பதை எப்படிக் கண்டுபிடிப்பது? வெளியில் பார்த்தால் தெரியாது. சந்தேகப்படும் சேவலை ஒற்றைக் கொண்டைப் பெட்டையோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். சேவல் ஒரு குணத்தில் கலப்பாக இருந்தால், பிறக்கும் குஞ்சுகளில் சராசரியாகப் பாதி காட்டிக்கொடுத்துவிடும். தொடர்ந்து ஏழு குஞ்சுகள் காட்டிக்கொடுக்காவிட்டால், சேவல் சுத்தம் என்று 99 விழுக்காட்டுக்கு மேல் நம்பலாம். இது ஒரே ஒரு சேவலின் ஒரே ஒரு குணத்துக்கு.

நிறத்திலும் இதே வம்பு. லெகார்னும் வெள்ளை, வயண்டாட்டும் வெள்ளை. ஆனால் லெகார்னின் வெள்ளை மற்ற நிறங்களை அடக்கியாளும் ஓங்கு குணம். வயண்டாட்டின் வெள்ளை வேறொரு மரபணுவில் உள்ள ஒடுங்கு குணம். இந்த இரு வெள்ளைகளும் மட்டும் சேர்ந்தாலே, பேரன் தலைமுறையில் 16க்கு 3 குஞ்சு நிறத்தோடு பிறக்கும். வெள்ளையும் வெள்ளையும் சேர்ந்து கறுப்பு பிறந்தால், விவரம் தெரியாதவர் பண்ணையில் வேற்றுச் சேவல் புகுந்துவிட்டது என்றுதான் நினைப்பார்.

இவற்றைவிட விசித்திரமானது ரோஜாக் கொண்டையின் கதை. வயண்டாட் வளர்ப்போர் நூறாண்டுக்கும் மேலாக ஒற்றைக் கொண்டையைக் கழித்துக்கொண்டே இருக்கிறார்கள். அது மறுபடி மறுபடி தலைகாட்டுகிறது. காரணம் 2012இல் மரபணு அளவில் தெளிவானது. ரோஜாக் கொண்டைக் கோழிகளில் குரோமோசோமின் பெரிய துண்டு ஒன்று தலைகீழாகத் திரும்பியிருக்கிறது. அந்தத் திருப்பத்தின் ஒரு முனை கொண்டையின் வடிவத்தை மாற்றுகிறது. மறுமுனை விந்தணுவுக்குத் தேவையான ஒரு மரபணுவை உடைக்கிறது. தாய் தகப்பன் இருவரிடமிருந்தும் இதைப் பெற்ற, அதாவது முழுச் சுத்தமான சேவலின் விந்தணுக்கள் சரியாக நீந்துவதில்லை. பாதிக் கலப்புள்ள சேவலே அதிகக் குஞ்சுக்குத் தகப்பனாகிறது. சுத்தத்தைத் தேடித் தேடிப் போகிறவருக்கு இயற்கை போட்ட முட்டுக்கட்டை இது.

கொண்டையாவது கண்ணுக்குத் தெரியும். முட்டையிடும் திறமை சேவலின் உடம்பில் எங்கே தெரியும்? அதன் மகள்கள் வளர்ந்து, ஆறு மாதம் போல ஆகி முட்டையிடத் தொடங்கி, ஒரு வருடக் கணக்கு கையில் வந்த பிறகுதான் தகப்பனின் தரம் புரியும். அதற்குள் தகப்பனுக்கு வயதாகிவிடும். நல்லதாக அமைந்த ஒரு குடும்பத்தைப் பிடித்து அண்ணன் தங்கையைச் சேர்த்தால் குணம் சீக்கிரம் நிலைக்கும். கூடவே முட்டை குறையும், பொரிக்கும் திறன் சரியும், குஞ்சுகள் சாகும். பல குடும்பங்களைத் தனித்தனியாக வைத்துச் சுழற்சியில் சேர்த்தால் தப்பிக்கலாம். அதற்கு இடம் வேண்டும், தீவனம் வேண்டும், கூடு கூடாகக் குறிப்பேடு வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, கண்ணுக்கு அழகான பறவையையும் குறை கண்டால் கழித்துவிடும் மனசு வேண்டும்.

வில்ஃபிரிட்டுக்குப் பத்து ஆண்டு ஆனது. 1918இல் தன் கோழியை வெளியுலகுக்குக் காட்டினார், பெயர் ஷான்டெக்ளேர். தலையில் மெத்தைபோலப் படிந்த சிறு கொண்டை. தாடி இருந்தும் இல்லாததுபோல. வெள்ளை இறகு அடர்த்தியாக மூடிய உடம்பு. சேவல் நான்கு கிலோ, பெட்டை மூன்று கிலோ எடையை நெருங்கும். 1921இல் அமெரிக்கக் கோழி வளர்ப்போர் சங்கம் அதைத் தனி இனமாக ஏற்றது. கோழிக்குப் பத்து ஆண்டு என்றால் பத்துத் தலைமுறைகூட முழுதாக வராது. அதற்குள் ஐந்து இனங்களை ஓர் இனமாக்கியது, என் கணிப்பில், அந்தக் காலத்துப் பெரும் சாதனைகளில் ஒன்று.

உருவாக்குவதோடு வேலை முடிவதும் இல்லை. வணிகப் பண்ணைகள் முட்டைக்கு ஒன்று, கறிக்கு ஒன்று என்று தனித்தனிக் கலப்பினங்களுக்கு மாறியபோது, இரண்டுக்கும் ஆன ஷான்டெக்ளேரை வளர்க்க ஆளில்லாமல் போனது. 1970களின் இறுதியில் அது அழிந்தேவிட்டது என்று பலர் கருதினார்கள். பிறகு தேடியபோது, சில சிறு பண்ணைகளில் அது உயிரோடு இருப்பது தெரிந்தது. 1999இல் கியூபெக் அரசு ஒரு சட்டம் இயற்றி, கனடியக் குதிரை, கனடியப் பசு இவற்றோடு ஷான்டெக்ளேர் கோழியையும் மாகாணத்தின் வேளாண் பாரம்பரியச் சொத்தாக அறிவித்தது.