எண்ணுக்குப் பணியும் உளி



கணக்கு ஆசிரியனாகவும் பின்னர்த் தலைமையாசிரியனாகவும் முப்பத்தைந்து ஆண்டுகள் சுண்ணக்கட்டித் தூளோடு காலங்கழித்த நான், ஓய்வு பெற்றபின் மரத்தூளோடு காலங்கழித்து வருகிறேன். பொள்ளாச்சிக்கு அருகே எங்கள் வீட்டுக் கொல்லையில் மாட்டுக் கொட்டிலாக இருந்த இடம் இப்போது பட்டறை ஆகிவிட்டது. அதில் நானும், ஒருகாலத்தில் என்னிடம் பயின்று இன்று தச்சுத் தொழில் செய்துவரும் ஒருவரும் சேர்ந்து பொறியொன்று செய்தோம். எண்களின் ஆணைப்படி பலகையைத் தானே செதுக்கும் பொறி அது. சி.என்.சி. ரௌட்டர் என்று தொழிலுலகம் அதனை வழங்கும். அது எவ்வாறு இயங்குகிறது என்பதையும், அதனால் எனக்கு நேர்ந்த ஒரு தலைகுனிவையும் இன்று உங்களுக்குச் சொல்லப் போகிறேன்.

பொறியை எண்ணால் ஏவும் எண்ணம் பழையது. பிரான்சு நாட்டு ஜக்கார்டு 1804-இல் அமைத்த தறி, துளையிட்ட அட்டைகளின்வழிப் பூவேலை நெய்தது. பிற்காலத்தில் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் ஹெலிகாப்டரின் சுழலலகுகள் செய்துவந்த ஜான் பார்சன்ஸ் என்பவர், ஒரு வளைவின் மீதுள்ள புள்ளிகளை எண்களாகக் கணக்கிட்டு, அவ்வெண்களின்படி கருவியை நகர்த்தலாம் எனக் கருதினார். அம்முயற்சியின் தொடர்ச்சியாக, மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தார் 1952-இல் துளைநாடாவால் இயங்கும் செதுக்குபொறி ஒன்றை இயக்கிக் காட்டினர். அன்று வெற்றிடக் குழல்கள் நிறைந்த பெட்டிகள் செய்த வேலையை, இன்று உள்ளங்கையில் அடங்கும் ஆர்டுயினோ என்னும் மின்சுற்றுப் பலகை செய்துவிடுகிறது.

வரைபடத் தாளில் புள்ளி குறிக்க நீங்கள் அறிவீர்கள் அன்றோ? இடவலமாக எக்ஸ் அச்சு, முன்பின்னாக ஒய் அச்சு. அவற்றோடு மேல்கீழாக இசட் என்னும் மூன்றாம் அச்சையும் சேர்த்துக்கொண்டால் எங்கள் பொறி முழுவதும் விளங்கிவிடும். ஒரு மேசை, அதன் இரு பக்கங்களிலும் தண்டவாளங்கள், அவற்றின்மீது முன்னும் பின்னும் நகரும் பாலம், பாலத்தின்மீது இடமும் வலமும் ஓடும் வண்டி, அவ்வண்டியில் ஏறி இறங்கும் சுழல்வெட்டி. பாலம் அகலமானதாகையால் அதனை ஒரு பக்கம் மட்டும் தள்ளினால் கோணிக்கொள்ளும். ஆகவே இரு பக்கமும் ஒவ்வொரு திருகுதண்டும் ஒவ்வொரு மோட்டாரும் வைத்தோம். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கதை இங்கேதான் இருக்கிறது.

ஸ்டெப்பர் மோட்டார் என்பது சாதாரண மோட்டாரைப் போல் ஓடிக்கொண்டே இராது. ஒரு மின்துடிப்புக்கு ஓரடி என்று எண்ணி எண்ணி அடி வைக்கும். ஒரு முழுச் சுற்றுக்கு 200 அடிகள். அதாவது ஓரடிக்கு 1.8 பாகை. ஒவ்வோர் அடியையும் மின்முறையில் எட்டாகப் பகுத்தால் சுற்றுக்கு 1600 துடிப்புகள் ஆகின்றன. எங்கள் திருகுதண்டு ஒரு சுற்றுக்கு மறையை 5 மில்லிமீட்டர் நகர்த்தும். எனவே ஒரு மில்லிமீட்டருக்கு 320 துடிப்புகள். பாலத்தை 50 மில்லிமீட்டர் நகர்த்த வேண்டுமானால் கணினி 16,000 துடிப்புகளை அனுப்ப வேண்டும். அவ்வளவே சூட்சுமம்.

மில்லிமீட்டரில் 320-இல் ஒரு பங்கு என்றதும் துல்லியமும் அவ்வளவு என்று மயங்கிவிடாதீர்கள். நான் மயங்கினேன். திருகுக்கும் மறைக்கும் இடையே தொய்வு உண்டு, சட்டம் வளையும், மழைக்காலத்தில் பலகை உப்பும். மரத்தாலேயே சட்டம் செய்துவிடலாம் என்று நான் சிக்கனம் பேசியபோது, தச்சரே அதை மறுத்து, கோயம்புத்தூரிலிருந்து அலுமினியச் சட்டங்கள் வாங்கச் செய்தார். மரத்தின் குணத்தை மரவேலைக்காரர் அறிவார்.

முதல் நாள் ஒட்டுப்பலகை கருகிப் புகைந்தது. வெட்டி நிமிடத்திற்கு 18,000 சுற்றுச் சுற்றுகிறது. அதற்கு இரண்டு வெட்டுமுனைகள். ஆக நிமிடத்திற்கு 36,000 கீற்றுகள். நாங்கள் அஞ்சி, நிமிடத்திற்கு 300 மில்லிமீட்டர் வேகத்திலேயே வெட்டியை நகர்த்தினோம். வகுத்துப் பாருங்கள், ஒரு கீற்றுக்கு ஒரு மில்லிமீட்டரில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. முனை மரத்தை வெட்டாமல் உரசிச் சூடேற்றியிருக்கிறது. கீற்றுக்கு 0.05 மில்லிமீட்டர் என்று கொண்டு வேகத்தை 1800 ஆக உயர்த்தினோம். புகை நின்று, சுருள்சுருளாகச் சீவல் விழத் தொடங்கியது. மெதுவாகச் செய்வதே பத்திரம் என்னும் வழக்கம் இங்கே செல்லவில்லை. ஆயினும் கண்ணுக்குக் கண்ணாடியும், மூக்குக்குத் துணியும், கைக்கெட்டும் தூரத்தில் சிவப்பு நிறுத்துகுமிழும் இல்லாமல் இப்பொறியின் அருகே எவரும் நிற்கலாகாது.

இனித் தலைகுனிவுக்கு வருகிறேன். எங்கள் ஊர்ப் பள்ளிக்குப் பிதாகரஸ் தேற்றத்தைக் கையால் தொட்டு அறியும்படி சில தட்டுகள் செய்து தருவதாக ஒப்புக்கொண்டிருந்தேன். 210 மில்லிமீட்டர்ச் சதுரக் குழி ஒன்று. அதில் 90-க்கு 120 அளவுள்ள செங்கோண முக்கோணங்கள் நான்கு. ஒருவகையில் அடுக்கினால் நடுவே கர்ணத்தின் சதுரம் காலியாக நிற்கும். வேறுவகையில் அடுக்கினால் மற்ற இரு பக்கங்களின் சதுரங்கள் காலியாக நிற்கும். குழியும் முக்கோணங்களும் மாறாதவை. எனவே காலியிடமும் மாறாது. தேற்றம் கண்முன்னே நிற்கும். 6 மில்லிமீட்டர் வெட்டி குழியின் மூலையில் 3 மில்லிமீட்டர் ஆரமுள்ள வளைவை விட்டுவிடும். அந்நான்கு மூலைகளையும் தச்சர் உளியால் கொத்திச் செங்கோணமாக்கினார்.

வகுப்பில் எட்டாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி முக்கோணங்களை வைத்துப் பார்த்தாள். ஒன்று மூலையில் உட்காராமல் முட்டியது. மற்றொன்றின் ஓரத்தில் ஒரு மயிரிடை தெரிந்தது. அவள் என்னை நிமிர்ந்து பார்த்து, "ஏங்க சார், தேற்றம் தப்புங்களா, பலகை தப்புங்களா?" என்று கேட்டாள். வகுப்பு சிரித்தது. தேற்றம் தப்பாது என்று மட்டும் சொல்லிவிட்டுத் தட்டுகளைத் திரும்பக் கொண்டுவந்தேன்.

குழியின் நான்கு பக்கங்களையும் வெர்னியர் அளவியால் முன்பே அளந்திருந்தேன். நான்கும் சமம், எனவே சதுரம் என்று கொண்டேன். சாய்சதுரத்துக்கும் நான்கு பக்கங்கள் சமமே! இந்தப் பிழைக்கு எத்தனை பிள்ளைகளின் தாளில் சிவப்பு மையால் வட்டமிட்டிருப்பேன்!

ஒரு பெரிய பலகையில் 400 மில்லிமீட்டர்ச் சதுரத்தைக் கீறச் செய்து மூலைவிட்டங்களை அளந்தோம். இரண்டும் ஏறத்தாழ 565.7 இருக்க வேண்டும். ஒன்று 568 காட்டியது, மற்றொன்று 564. பாலம் கோணியிருக்கிறது. எவ்வளவு? எங்கள் பாலத்தின் அகலம் 750. கணக்கிட்டால் அதன் ஒரு முனை மற்றதைவிட 5 மில்லிமீட்டர் அளவுக்கு முந்தியிருக்கிறது என்று வந்தது. ஐந்து என்றதும் தச்சர் நெற்றியில் அடித்துக்கொண்டார். ஐந்து மில்லிமீட்டர் என்பது திருகுதண்டின் ஒரு முழுச் சுற்று. முந்தின வாரம் ஒரு பக்கத்து இணைப்பைக் கழற்றிப் பூட்டியபோது தண்டு ஒரு சுற்றுத் தவறியிருக்கிறது. சக்கரங்களில் இருந்த சிறு தளர்ச்சி அக்கோணலைப் பொறுத்துக்கொண்டதால் எங்களுக்குத் தெரியவில்லை.

மின்சாரத்தை நிறுத்தி, இணைப்பைத் தளர்த்தி, தண்டைக் கையால் ஒரு சுற்றுத் திருப்பினோம். பின் கீறுவதும் அளப்பதும் சிறிது திருத்துவதுமாக மாலை ஆகிவிட்டது. மூலைவிட்டங்கள் அரை மில்லிமீட்டருக்குள் ஒத்துவந்தபின் இணைப்பை இறுக்கினோம். 300, 400 என்று அளந்து குறித்துக் குறுக்கே 500 வருகிறதா என்றும் பார்த்தோம். எந்தத் தேற்றத்தை விளக்கப் பொறி செய்தோமோ, அதே தேற்றம்தான் பொறியைத் திருத்தவும் உதவியது.

மறுவாரம் புதிய தட்டுகளோடு பள்ளிக்குச் சென்றேன். அச்சிறுமி முக்கோணங்களைத் தொடவில்லை. முதலில் தன் பெட்டியிலிருந்து அளவுகோலை எடுத்து, குழியின் மூலைவிட்டங்கள் இரண்டையும் அளந்து, எண்களைத் தன் ஏட்டில் எழுதிக்கொண்டாள். அதன் பிறகே முதல் முக்கோணத்தை எடுத்து மூலையில் வைத்தாள்.