ஒப்பந்தப்புள்ளிப் பெட்டி மறைந்த பிறகு

சாலை போடுவதற்கோ பள்ளிக்கு மேசை வாங்குவதற்கோ அரசு ஒப்பந்தப்புள்ளி கோருகிறது. அறிவிப்பு முதல் ஆணை வழங்குவது வரை அனைத்தையும் இணையவழி நடத்துவதே மின்னணுக் கொள்முதல். வளரும் நாடுகள் பலவற்றில் இதற்கான தளங்கள் வந்துவிட்டன. அவற்றுக்கு அரசுகள் ஆயத்தமாக இருந்தனவா என்று கேட்டால், வங்கதேசத்தின் அனுபவத்தையே நான் முதலில் எடுத்துக்கொள்வேன்.

அங்கு 'டெண்டர்பாஜி' என்றே ஒரு சொல் உண்டு. ஒப்பந்தப்புள்ளிப் பெட்டி இருக்கும் அலுவலகத்தின் வாசலை அரசியல் பின்புலம் கொண்ட அடியாட்கள் வளைத்துக்கொள்வார்கள். வேண்டாதவரின் உறை பெட்டிக்குள் விழாது. நம்மூர் வாசகர்களுக்கு இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை.

2011 ஜூன் 2 அன்று அங்கு தேசிய மின்னணுக் கொள்முதல் தளம் தொடங்கப்பட்டது. 2006-இல் பொதுக் கொள்முதல் சட்டமும் 2008-இல் அதற்கான விதிகளும் முன்பே வந்திருந்தன. எல்லாத் துறைகளிலும் ஒரே நாளில் புகுத்தாமல், உள்ளாட்சிப் பொறியியல், சாலை, நீர்வளம், ஊரக மின்சாரம் ஆகிய நான்கு அமைப்புகளில் முதலில் நடைமுறைப்படுத்தினர். இணையவழிப் பணப் பரிமாற்றம் அப்போது பரவியிராததால், ஒப்பந்ததாரர் வங்கிக் கிளையில் கட்டணம் செலுத்த, வங்கியே அதைத் தளத்தில் பதிவுசெய்தது. ஆயத்தநிலை என்று நான் கருதுவது இத்தகைய ஏற்பாடுகளைத்தான்.

வாசலில் நின்ற அடியாட்களுக்கு வேலை இல்லாமல் போயிற்று. போட்டி பெருகியதா?

கட்டுமானப் பணிகளில், அரசின் மதிப்பீட்டைவிட 10 விழுக்காட்டுக்கு மேல் கூட்டியோ குறைத்தோ விலை கேட்டால் தள்ளுபடி என்ற பிரிவு பின்னர் சட்டத்தில் சேர்ந்தது. கேட்பதற்கு நியாயமான விதிதான். ஆனால், மதிப்பீடு கசிந்துவிட்டால் எல்லோரும் சரியாக 10 விழுக்காடு குறைத்துக் கேட்பார்கள். அப்படியே நடந்தது, பைசா பிசகாமல் ஒரே விலை. அவர்களுள் ஒருவரைத் தேர்ந்தெடுக்க முந்தைய பணி அனுபவம் அளவுகோலாயிற்று. அனுபவம் யாரிடம் இருக்கும்? ஏற்கெனவே வேலை பெற்றவரிடம். அவரே மீண்டும் வெல்வார். அடுத்த முறை அவருடைய மதிப்பெண் இன்னும் உயரும். புதிதாக வரும் சிறு ஒப்பந்ததாரர் கணினி முன் அமர்ந்து, யாருடைய மிரட்டலுமின்றித் தோற்பார். மென்பொருளில் பிழை ஏதுமில்லை. விதி சொன்னதை அது விரைவாகச் செய்தது. 2025-இல்தான் இடைக்கால அரசு அவசரச் சட்டம் மூலம் அந்த வரம்பை நீக்கியது.

இந்தக் குவிப்பு வெளியே தெரிந்ததும் அதே தளத்தால்தான் என்பதையும் சொல்ல வேண்டும். அதில் பதிவான 2012 முதல் 2023 வரையிலான தரவுகளை டிரான்ஸ்பரன்சி இன்டர்நேஷனல் அமைப்பின் வங்கதேசப் பிரிவு ஆராய்ந்து, ஒருவர் மட்டுமே பங்கேற்ற ஒப்பந்தங்கள் ஏராளம் என்று காட்டியது. காகிதக் கோப்புகளின் காலத்தில் இக்கணக்கை யாரும் எடுத்திருக்க முடியாது.

தமிழ்நாட்டில் ஒப்பந்தப்புள்ளிகள் வெளிப்படைத்தன்மைச் சட்டம் 1998-இலேயே இயற்றப்பட்டது. ஒப்பந்தப்புள்ளிகளும் இணையத்துக்கு வந்துவிட்டன. ஒருவர் மட்டுமே பங்கேற்றவை எத்தனை, ஒரே விலை கேட்கப்பட்டவை எத்தனை என்ற கணக்கைத் துறைவாரியாக ஆண்டுதோறும் அரசே வெளியிடலாம். அதற்குப் புதிய மென்பொருள் எதுவும் தேவையில்லை.