இந்த எலும்பு யாருடையது?

கரம்பொன்னிலிருந்து பண்ணைப் பாலம் கடந்து, யாழ்ப்பாணம் மருத்துவ பீடத்துக்குப் போகும் ஒரு பிள்ளையை நினைத்துப் பாருங்கள். படிப்பின் தொடக்கத்திலேயே அதன் கையில் மனித எலும்புகள் வந்துவிடும். ஒவ்வொன்றின் பெயரையும் மனனம் செய்யும் அவசரத்தில், 'இது யாருடையது?' என்று கேட்க நேரமேது?

உடற்கூற்றியல் உயர்ந்த கல்விதான். இரத்தம் இதயத்தின் வலப்புறத்திலிருந்து நுரையீரல் வழியாக இடப்புறம் சேர்கிறது என்று 13ஆம் நூற்றாண்டிலேயே எழுதியவர் இப்னு நபீஸ். நம் யாழ்ப்பாணத்தில், மானிப்பாயில் வைத்தியர் கிறீன் இக்கல்வியைத் தமிழிலேயே கற்பித்தார். 'மனுஷ அங்காதிபாதம்' என்ற பெரிய நூல் 1872இல் வெளிவந்தது.

ஆனால் இந்த அறிவுக்கு உடல் கொடுத்தவர்கள் யார்? 1543இல் புகழ்பெற்ற உடற்கூற்று நூலை வெளியிட்ட வெசாலியஸ் அறுத்துப் பார்த்தவற்றுள் தூக்கிலிடப்பட்டோரின் உடல்களும் இருந்தன. 1832இல் இங்கிலாந்தில் வந்த சட்டம், உரிமை கோர ஆளில்லாத ஏழைகளின் உடல்களை மருத்துவப் பள்ளிகளுக்குக் கிடைக்கச் செய்தது. பின்னர் மேல்நாட்டு வகுப்பறைகளுக்கு எலும்புக்கூடுகள் பெருமளவில் இந்தியாவிலிருந்தே கப்பலேறின. 1985இல்தான் இந்திய அரசு அந்த ஏற்றுமதியைத் தடை செய்தது.

மாணவர் கேட்க மறந்த கேள்வியை ஒரு கலைஞர் கேட்டார். ஸ்கொட்லாந்தைச் சேர்ந்த கிறிஸ்டீன் போர்லண்ட், விற்பனைக்கிருந்த மனித எலும்புக்கூடு ஒன்றைத் தபால் மூலம் வாங்கினார். நிபுணர்களிடம் கொடுத்து ஆராய்ந்தார். அது ஓர் ஆசியப் பெண்ணுடையது. அவள் கருவுற்றிருந்தவள் என்றும் தெரியவந்தது. மண்டையோட்டை வைத்து அவளுடைய முகத்தை மீண்டும் உருவாக்கி, வெண்கலத்தில் வார்த்து, 1994இல் கிளாஸ்கோவில் காட்சிக்கு வைத்தார். விலைப்பட்டியலில் சரக்காக இருந்தவள் மறுபடியும் ஒரு பெண்ணானாள். பெயர் மட்டும் கிடைக்கவில்லை.

சகோதரிகளே, அவள் நம்மைப் போல ஒரு வீட்டில் சமைத்தவளாக, பிள்ளையைத் தாலாட்டியவளாக இருந்திருக்கலாம். அவளிடம் யாராவது சம்மதம் கேட்டிருப்பார்களா?

மையித்தைக் குளிப்பாட்டும்போது கூட நோகாமல் தொடவேண்டும் என்று நமக்குச் சொல்லித் தந்திருக்கிறார்கள். அந்தக் கண்ணியம் படிப்பறை மேசையிலும் வேண்டும். தாமே மனமுவந்து உடலை எழுதிக் கொடுப்போரின் கொடை வேறு. கேட்காமல் எடுத்தது வேறு.

உங்கள் பிள்ளை மருத்துவம் படிக்கப் போனால் இதை மட்டும் சொல்லி அனுப்புங்கள்: "மகனே, மகளே, கையில் இருப்பது பாடமல்ல, ஒரு மனிதர். மெதுவாகத் தொடு."