இடியோசையைக் கொண்டு மின்னலின் தூரத்தைக் கணக்கிடுதல்

வேகத்தையும் நேரத்தையும் பெருக்கினால் தூரம் கிடைக்கும் என்பதை மாணவர்கள் பெரும்பாலும் ரயில் வண்டிக் கணக்குகளின் மூலமாகவே கற்கின்றனர். திறந்த வெளியில் பணிபுரியும் நில அளவையாளருக்கும் விவசாய ஊழியருக்கும் இதே கணக்கு உயிர்காக்கும் துணையாகும். இந்தியாவில் அண்மைக் காலத்தில் ஆண்டுதோறும் 2,000-க்கு மேற்பட்டோர் மின்னலுக்கு இரையாகியுள்ளனர்.

மின்னலும் இடியும் ஒரே சமயத்தில் பிறப்பவை. ஒளி வினாடிக்குச் சுமார் 3 லட்சம் கிலோமீட்டர் செல்வதால், மின்னல் தோன்றிய கணமே கண்ணுக்குத் தெரிவதாகக் கொள்ளலாம். ஒலியோ மெல்ல வருவது. காற்றின் உஷ்ணநிலை 0 டிகிரி சென்டிகிரேடாக இருக்கையில் அதன் வேகம் வினாடிக்கு 331 மீட்டர். ஒவ்வொரு டிகிரிக்கும் ஏறத்தாழ 0.6 மீட்டர் கூடுகிறது. 30 டிகிரியில் அது 349 மீட்டர் ஆகும். இவ்வேகத்தில் ஒலி 3 வினாடியில் 1,047 மீட்டர் செல்லும். எனவே மின்னலைக் கண்டது முதல் இடி கேட்கும் வரை கழிந்த வினாடிகளை 3-ஆல் வகுத்தால், தூரம் கிலோமீட்டரில் கிடைக்கும். இதற்கு வினாடி முள் உள்ள கைக்கடிகாரமே போதுமானது.

மைல் கணக்கில் பழகியோர் 5-ஆல் வகுப்பர். அவ்வாறு வரும் விடை மைலாகும். இவ்விரு விதிகளையும் கலந்துவிடுவோர் உண்டு. 30 வினாடியை 5-ஆல் வகுத்து, 6 கிலோமீட்டர் என்று கொள்பவர் ஆபத்தை உள்ளதைவிட அருகில் எண்ணுகிறார், அதனால் கேடில்லை. 3-ஆல் வகுத்து 10 மைல் என்று கொள்பவரோ, 10 கிலோமீட்டரில் உள்ள ஆபத்தை 16 கிலோமீட்டருக்கு அப்பால் தள்ளிவிட்டு வேலையைத் தொடர்வார்.

இடியின் முதல் ஓசை கேட்டவுடன் எண்ணுவதை நிறுத்த வேண்டும். மின்னலின் பாதை பல கிலோமீட்டர் நீளமுடையதாக இருக்கலாம். அதன் அருகிலுள்ள பகுதியின் ஓசை முந்தியும் தொலைவிலுள்ள பகுதியின் ஓசை பிந்தியும் வருவதாலேயே இடி உருள்கிறது. எதிரொலிக்கும் மலைகள் இல்லாத சமவெளியில் ஓர் இடி 12 வினாடி உருண்டால், அப்பாதையின் ஒரு பகுதி மற்றொன்றைவிடச் சுமார் 4 கிலோமீட்டர் அதிகத் தொலைவில் உள்ளதென மாணவர்களே கணக்கிட்டுக் கூறலாம்.

விடை 10 கிலோமீட்டரோ அதற்குக் குறைவோ எனில், மழை தொடங்காவிடினும் அவ்விடம் மின்னல் எட்டக்கூடிய இடமேயாகும். மின்னல்கள் அடுத்தடுத்துத் தோன்றினால் எந்த இடி எந்த மின்னலுக்குரியது என்று பிரித்தறிய இயலாது. அந்நிலையில் கணக்கை விட்டு, இடி கேட்டதையே எச்சரிக்கையாகக் கொள்ளுதல் நன்று. மரத்தடி அடைக்கலமாகாது. உறுதியான கட்டடத்தினுள்ளோ உலோகக் கூரையுடைய மூடிய வண்டியினுள்ளோ செல்லவேண்டும். கடைசி இடி கேட்டு 30 நிமிடம் கழியும் வரை வெளியே வரலாகாது.