சிக்னல் முழுசா இருக்கு, போட்டோ மட்டும் போகலை

மாதக் கடைசிக்குள் ஆறு மாதப் பணத்தை மொத்தமாகக் கட்டினால் ‘டூயல் பேண்ட் மோடம் இலவசம்’ என்று திருவனந்தபுரம் சாலைப் பகுதியில் இன்டர்நெட் கம்பெனிக்காரர்கள் வீடு வீடாகச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள். அன்றிலிருந்து வரும் கடிதங்கள் எல்லாம் ஒரே ரகம். இலவசத்தை வாங்கிக்கொள்வதா, கடையில் நாலாயிரம் கொடுத்து ஆறு ஆன்டெனா வைத்ததை வாங்குவதா? கெடு நெருங்கிவிட்டதால் நேராக விஷயத்துக்கு வருவோம்.

வலியசாலை அக்ரகாரத்துக் கடிதம் ஒன்று சங்கதியைச் சரியாகப் பிடித்திருக்கிறது. முகப்பு குறுகலாய், அறைக்குப் பின்னால் அறையாய் நீளும் வீடு. மோடம் திண்ணையை ஒட்டிய முன்னறையில். பின்கட்டில் போனை எடுத்தால் வைஃபை கோடு முழுசாகத் தெரிகிறது, யூடியூப் விட்டுவிட்டு ஓடுகிறது. பேரனுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிய போட்டோ மட்டும் கடிகார அடையாளத்தோடு அப்படியே நிற்கிறது. கடைக்காரர் ‘லாங் ரேஞ்ச்’ வாங்கச் சொல்கிறாராம்.

வாங்காதீர்கள். அந்தக் கோடுகள் காட்டுவது, மோடம் பேசுவது போனுக்கு எவ்வளவு பலமாகக் கேட்கிறது என்பதை மட்டும்தான். போன் பேசுவது மோடத்துக்குக் கேட்கிறதா என்று அவை காட்டுவதே இல்லை. வீடியோ இறங்க வேண்டுமானாலும், வந்த ஒவ்வொரு துண்டுக்கும் ‘கிடைத்தது’ என்று போன் பதில் அனுப்பியாக வேண்டும். பதில் வராவிட்டால் மோடம் அதையே திரும்பத் திரும்ப அனுப்பும். மோடத்துக்குக் கரண்ட் கவலை இல்லை. போனோ பேட்டரியை மிச்சம் பிடிக்க வேண்டும். அதன் ரேடியோ பெரும்பாலும் 0.1 வாட்டைத் தாண்டாது. சாலைக் கடைவீதியில் மைக் கட்டி விலை கூவுகிறவர் குரல் கிள்ளிப்பாலம் வரை கேட்கலாம். அங்கே நின்று நீங்கள் ‘ரெண்டு கிலோ’ என்றால் அவருக்குக் கேட்குமா?

மைக்குக்கும் வரம்பு உண்டு. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையை உரிமமின்றிப் பயன்படுத்த 2005 ஜனவரியில் மத்திய அரசு அனுமதித்தபோது, கருவி வெளியிடுவது 1 வாட், ஆன்டெனாவின் பலனையும் சேர்த்து 4 வாட் என்று உச்சம் வைத்தது. ‘அதிசக்தி’ என்று அச்சடித்த பெட்டிக்கும் அதே சட்டம்தான். ‘2,000 சதுர அடி கவரேஜ்’ என்பது சுவரே இல்லாத கூடத்தின் கணக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். வெட்டுக்கல் சுவருக்கு அந்தப் பெட்டியில் இடம் கிடையாது.

இதைவிடத் தொல்லையானது அடுத்தது. கோடு நிறைந்திருப்பதால் பின்கட்டுப் போன் அந்த வைஃபையை எளிதில் விடாது. தூரத்துப் போன் மெதுவாகத்தான் பேச முடியும். அது பேசி முடிக்கும்வரை அதே சேனலில் இருப்பவை எல்லாம் காத்திருக்க வேண்டும். பின்கட்டில் ஒருவர் போட்டோ அனுப்பப் போராடினால் முன்னறை டிவியும் திக்கும். மோடம் எவ்வளவு உரக்கப் பேசுகிறதோ, அவ்வளவு தூரத்துப் போன்களை இப்படிப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

ஆன்டெனா கணக்கு முழுப் பொய்யல்ல. ஒவ்வொன்றும் உள்ளே தனி ரேடியோவோடு இணைந்திருந்தால் போனின் மெலிந்த சிக்னலை நன்றாகப் பிடிக்கும். எத்தனை இணைந்திருக்கிறது என்பதை வெளியே நீட்டிக்கொண்டிருப்பதை எண்ணித் தெரிந்துகொள்ள முடியாது. விவரத்தாளில் 2×2, 4×4 என்று தேடுங்கள்.

சோதனை சுலபம். மோடம் பக்கத்தில் நின்று ஒரு ஸ்பீட் டெஸ்ட், பின்கட்டில் ஒன்று. டவுன்லோட் ஓரளவு தாக்குப்பிடித்து அப்லோட் மட்டும் படுத்துவிட்டால், பலமான மோடத்துக்குக் கொடுக்கும் காசு வீண். முதலில் ஃபைபர் ஒயரை நீட்டி மோடத்தை நடு அறைக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள். டிவிக்குப் பின்னாலும் ஸ்டீல் பீரோ மேலும் வேண்டாம். போதாவிட்டால் கேட்-6 ஒயர் இழுத்துப் பின்கட்டில் இரண்டாவது ரூட்டர். பழையதே போதும்: ஆக்சஸ் பாயின்ட் மோடில் போட்டு, அதே பெயர், அதே பாஸ்வேர்ட் கொடுங்கள். மாடி வீடானாலும், முன்னால் கடையும் பின்னால் குடித்தனமுமான கட்டடமானாலும் இதே வழிதான்.

மற்ற கடிதங்களுக்குச் சுருக்கமாக:

டூயல் பேண்ட் வேண்டுமா? வேண்டும். சுவரோடு சுவர் ஒட்டிய தெருவில் 2.4இல் ஒன்றோடொன்று இடிக்காத சேனல் மூன்றுதான். 5 கிகாஹெர்ட்ஸ் பக்கம் 2018இல் 605 மெகாஹெர்ட்ஸ் திறந்துவிட்டார்கள். ஆனால் அது தடித்த சுவரில் சீக்கிரம் சோர்ந்துபோகும்.

ஏஎக்ஸ்3000 என்றால் 3,000 எம்பிபிஎஸ்ஸா? இல்லை, 574ஐயும் 2,402ஐயும் கூட்டி மேலே முழுமையாக்கிய எண். ஒரு போனுக்கு ஒரு நேரத்தில் ஒரு பேண்ட்தான் கிடைக்கும்.

ஏசி1200 வாங்கலாமா? லேன் போர்ட் 100 எம்பிபிஎஸ்ஸா, கிகாபிட்டா என்று பார்த்துவிட்டு வாங்குங்கள்.

கே-ஃபோன் 20 எம்பிபிஎஸ் திட்டத்துக்கு விலை கூடிய ரூட்டர்? தேவையில்லை.

ரிப்பீட்டர்? ஒரே ரேடியோவில் வாங்கி அதிலேயே திருப்பி அனுப்புவதால் வேகம் பாதியாகிவிடும்.

மெஷ்? ஒயரில் இணைத்தால் நல்லது, இல்லையென்றால் விலை உயர்ந்த ரிப்பீட்டர்.

கம்பெனி மோடத்தைக் கழற்றிவிட்டு நம்முடையதை மாட்டலாமா? பெரும்பாலும் அவர்கள் பதிவு செய்யாத ஃபைபர் மோடம் வேலை செய்யாது; கம்பெனி மோடத்தையே பிரிட்ஜ் மோடில் போடச் சொல்லி உங்கள் ரூட்டரைப் பின்னால் இணையுங்கள்.

இலவச மோடம் நமக்கே சொந்தமா? இணைப்பைத் துண்டித்தால் திருப்பித் தர வேண்டுமா என்று எழுதி வாங்குங்கள். திருப்பிக் கொடுக்கும்போது சீரியல் நம்பர் போட்ட ரசீது கேளுங்கள்.