மாடிக் கூரை: ஷீட்டில் உள்ள எண்ணைப் பார்த்து வாங்குங்கள்

பங்குனி பாதியிலேயே மதுரையில் கொட்டகை வேலை சூடு பிடித்துவிடுகிறது. செல்லூர், வில்லாபுரம், அவனியாபுரம் என்று எந்தப் பக்கம் போனாலும் மொட்டை மாடியில் வெல்டிங் பொறி பறக்கிறது. துணி காயப்போடவும், பிள்ளைகள் உட்கார்ந்து படிக்கவும், சாயங்காலம் கொஞ்சம் காற்று வாங்கவும் ஒரு நிழல் வேண்டும். நியாயமான ஆசைதான். ஆனால் அந்த நிழலுக்காகப் பல வீடுகளில் ஏறுவது ஆஸ்பெஸ்டாஸ் ஷீட். கல்நார் ஷீட் என்றும் சிமென்ட் ஷீட் என்றும் கேட்டு வாங்குவது இதைத்தான். விலை குறைவு, துருப்பிடிக்காது, ஒரே நாளில் வேலை முடிந்துவிடும். இதற்கு மேல் யாரும் எதையும் விசாரிப்பதில்லை.

வேலை நடக்கும் விதத்தைப் பார்த்தால் வயிறு கலங்குகிறது. ஓரத்து ஷீட் ஒரு முழம் நீளமாக இருக்கிறது. கட்டிங் மெஷினை வைத்துக் காய்ந்த ஷீட்டை அப்படியே அறுக்கிறார்கள். வெள்ளைத் தூசி கிளம்பிப் பக்கத்து மாடியில் காயும் வற்றல் மேலும் திறந்து கிடக்கும் ஜன்னலுக்குள்ளும் போகிறது. அறுப்பவருக்கு மூக்கில் ஒரு துண்டுதான். போல்ட்டுக்கு ஓட்டை போடும்போது தலைக்கு மேலிருந்து மாவு போலக் கொட்டுகிறது. வேலை முடிந்ததும் வீட்டுக்காரர்கள் விளக்குமாற்றால் கூட்டி, தூசியை இன்னொரு தடவை கிளப்பிவிடுகிறார்கள். அறுத்தவர் அதே சட்டையோடு வீட்டுக்குப் போய்க் குழந்தையைத் தூக்குகிறார்.

அந்தத் தூசியில் கண்ணுக்குத் தெரியாத கல்நார் இழைகள் இருக்கின்றன. மூச்சோடு உள்ளே போனவை நுரையீரலில் தங்கிவிடும், கரையாது. எல்லா வகை ஆஸ்பெஸ்டாஸும் மனிதருக்குப் புற்றுநோய் தரும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை முதல் பட்டியலில் வைத்திருக்கிறது. கூரை ஷீட்டில் சேரும் வெள்ளை ஆஸ்பெஸ்டாஸும் அதில் அடக்கம். நோய் உடனே வராது. 20, 30, 40 வருடம்கூட ஆகும். அதனால்தான் 'எங்கப்பா காலத்து ஷீட், யாருக்கு என்ன ஆச்சு?' என்று கேட்கிறார்கள். 1995 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் கல்நார்த் தொழிலாளர் வழக்கில் தீர்ப்பு சொன்னபோது, ஒவ்வொரு தொழிலாளியின் உடல்நலப் பதிவேட்டையும் வேலையில் சேர்ந்த நாளிலிருந்து குறைந்தது 40 வருடம் பாதுகாக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. ஆலைத் தொழிலாளிக்காவது அப்படி ஒரு பதிவேடு உண்டு. மாடியில் அறுப்பவருக்கு யார் வைத்திருக்கிறார்கள்?

60க்கும் மேற்பட்ட நாடுகள் இதைத் தடை செய்துவிட்டன. இலங்கையும் தடை செய்யப் புறப்பட்டது. 2017 டிசம்பரில், தேயிலைச் சரக்கில் வண்டு இருந்தது என்று சொல்லி ரஷ்யா இறக்குமதியை நிறுத்த, கல்நார்த் தடையிலிருந்து கொழும்பு பின்வாங்கியது. ரஷ்யா கல்நாரைத் தோண்டி விற்கும் நாடு என்பதை நினைவில் வைத்துக்கொண்டு இதைப் படியுங்கள். இங்கோ சுரங்கங்களுக்கு உரிமம் கொடுப்பதை நிறுத்திவிட்டு, கல்நாரை மட்டும் வெளிநாட்டிலிருந்து இறக்கி ஷீட் அடித்துக்கொண்டிருக்கிறோம்.

கூரையில் ஏற்கெனவே இருக்கிறதே என்று பதற வேண்டாம். உடையாமல், விரிசல் விடாமல் கிடக்கும் ஷீட்டிலிருந்து இழை எளிதில் கிளம்பாது. அறுப்பது, துளைப்பது, உடைப்பது, பாசியைக் கம்பி பிரஷ் வைத்துத் தேய்ப்பது, பிரஷர் பம்ப்பால் கழுவுவது, இவைதான் ஆபத்து. நல்ல நிலையில் இருந்தால் கையை வைக்காதீர்கள். புதிதாக வாங்குவதாக இருந்தால் மட்டும் கண்டிப்பாக இதை வாங்காதீர்கள்.

கடையில் ஏமாறாமல் இருக்க ஒரு வழி உண்டு. 'ஃபைபர் சிமென்ட்' என்று சொன்னால் ஆஸ்பெஸ்டாஸ் இல்லை என்று அர்த்தமில்லை. ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டையும் அதே பெயரில் விற்கிறார்கள். ஷீட்டில் அச்சடித்திருக்கும் ஐஎஸ் எண்ணைப் பாருங்கள். ஐஎஸ் 459 என்றிருந்தால் அது ஆஸ்பெஸ்டாஸ் நெளி ஷீட். ஆஸ்பெஸ்டாஸ் கலக்காத நெளி ஷீட்டுக்குத் தரநிலை ஐஎஸ் 14871. ஐஎஸ்ஐ முத்திரைக்குக் கீழே உள்ள உரிம எண்ணை 'பிஐஎஸ் கேர்' செயலியில் போட்டால் எந்த நிறுவனம், எந்தப் பொருள் என்று காட்டிவிடும். பிறகு பில். துண்டுச்சீட்டில் 'ஷீட் 12' என்று கிறுக்கித் தந்தால் வாங்கி வராதீர்கள். 'ஆஸ்பெஸ்டாஸ் கலக்காதது, ஐஎஸ் 14871' என்று கடைக்காரர் கையாலேயே பில்லில் எழுத வையுங்கள். பில் தர மறுப்பது 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். பின்னால் வழக்கு என்று வந்தால் உங்கள் கையில் இருக்கப்போவது அந்த ஒரு தாள்தான்.

வேறு என்ன போடலாம்? கால் படும் தளத்துக்கு நம் ஊரில் பழைய நல்ல வழி இருக்கிறது. செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து, கடுக்காய்த் தண்ணீர் தெளித்துக் கட்டையால் அடித்து இறுக்கி, மேலே தட்டோடு பதிப்பார்கள். வெயிலையும் மழையையும் ஒருசேரத் தாங்கும். பட்ஜெட் இல்லாவிட்டால் வெள்ளைச் சுண்ணாம்பு அடித்தாலே கீழ் வீட்டுச் சூடு தணியும். நிழலுக்கு வெளிர்நிறக் கலர் ஷீட்டை, அடியில் வெப்பத்தடுப்பு வைத்துப் போடலாம். கட்டடம் பாரம் தாங்கும் என்று பொறியாளர் சொன்னால் சீமை ஓடு. கீற்றுக் கொட்டகைக்குத் திரும்பச் சொல்லவில்லை. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் கீற்றுக்கூரைப் பள்ளியில் 94 குழந்தைகளைக் கொண்டுபோன தீ நமக்கு மறக்காது. கீற்றுக்குப் பதில் கல்நார் என்று அன்று பல இடங்களில் அவசரத்தில் மாற்றியதுதான் இன்றைய தலைவலி.

மாடியில் மரத்தளம் போடும் பழக்கமும் வந்திருக்கிறது. மரத்துக்கு என்ன மருந்து ஏற்றியது என்று கேளுங்கள். செம்பு, குரோமியம், ஆர்செனிக் மூன்றும் சேர்ந்த மருந்து என்றால் குழந்தை தவழும் இடத்துக்கு வேண்டாம். அமெரிக்காவிலேயே 2003 முடிவோடு வீட்டு உபயோகத்துக்கு அதைக் கைவிட்டார்கள். அந்த மரத்துண்டை வெந்நீர் அடுப்பில் வைக்காதீர்கள், ஆர்செனிக் புகையிலும் வரும், சாம்பலிலும் தங்கும். கரையானுக்கு வண்டியில் வடித்த கழிவு ஆயிலை அடிப்பதும் கூடாது.

பழைய ஷீட்டைக் கழற்றியே ஆக வேண்டிய நிலை வந்தால், முதல் எச்சரிக்கை: ஷீட் மேல் கால் வைக்காதீர்கள். நைந்த ஷீட் ஆள் பாரம் தாங்காது. விழுந்து இறந்தவர்கள் உண்டு. சட்டத்துக்குச் சட்டம் பலகை போட்டு அதன்மேல்தான் நிற்க வேண்டும். ஷீட்டை நன்றாக நனைத்துக்கொள்ளுங்கள். போல்ட் துருவேறியிருந்தால் போல்ட்டை வெட்டுங்கள், ஷீட்டை உடைக்காதீர்கள். முழுசாகக் கயிறு கட்டி இறக்குங்கள், மேலிருந்து போடாதீர்கள். எஃப்எஃப்பி3 அல்லது பி100 மாஸ்க் வேண்டும், துண்டு உதவாது. சிதறலை ஈரத்துணியால் துடைத்தெடுத்து, துணியையும் சேர்த்துக் கனத்த பாலித்தீனில் சுற்றி ஒட்டுங்கள். மறுபடியும் சொல்கிறேன்: அறுக்காதீர்கள், துளைக்காதீர்கள், காய்ந்த தூசியைக் கூட்டாதீர்கள்.

கழற்றியதை எங்கே கொண்டுபோவது? இங்கேதான் நிர்வாகம் கையை விரிக்கிறது. இரவோடு இரவாகக் கண்மாய்க் கரையில் கொட்டிவிட்டு வருகிறார்கள். உடைந்த துண்டைத் தெருப் பள்ளத்தில் போட்டு வண்டி ஏற்றி மாவாக்குகிறார்கள். இடிபாடுகளைச் சாலையிலும் வாய்க்காலிலும் கொட்டக் கூடாது, சேர்க்கும் ஏற்பாட்டை உள்ளாட்சி செய்ய வேண்டும் என்று 2016லேயே விதி வந்தது. 2025இல் புது விதியும் அறிவித்தார்கள். வீட்டிலிருந்து இறங்கும் நாலு கல்நார் ஷீட்டை எங்கே ஒப்படைப்பது என்று ஒரு தெருவிலாவது தண்டோரா போட்டார்களா?

அதனால் கேட்டு வாங்க வேண்டியிருக்கிறது. கழற்றும் முன்பே மாநகராட்சி ஆணையாளருக்கு ஒரு மனு எழுதுங்கள்; நகல் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளருக்கு. வார்டு எண், கதவு எண், எத்தனை ஷீட், எந்தத் தேதியில் கழற்றுகிறீர்கள் என்று எழுதி, 'ஆஸ்பெஸ்டாஸ் கழிவைப் பாதுகாப்பாக ஒப்படைக்கும் இடத்தை எழுத்து மூலம் தெரிவிக்கவும்' என்று கேளுங்கள். யாராவது கண்மாயில் கொட்டினால் இடம், நேரம், வண்டி எண், படம் சேர்த்து அதே இருவருக்கும் புகார் கொடுங்கள். ஒப்புகைச் சீட்டு வாங்காமல் கவுன்ட்டரை விட்டு நகராதீர்கள். பதில் இல்லையா, திங்கள்கிழமை ஆட்சியர் அலுவலக மக்கள் குறைதீர் கூட்டம், முதல்வரின் முகவரி 1100. அதற்கும் அசையாவிட்டால், பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டித் தகவல் உரிமைச் சட்டத்தில் 'என் மனு மீது எடுத்த நடவடிக்கை என்ன' என்று கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். தராவிட்டால் முதல் மேல்முறையீடு. வாய்ப் பேச்சில் எந்த அலுவலகமும் நகராது.

ஆஸ்பெஸ்டாஸ் இல்லை என்று சொல்லி ஆஸ்பெஸ்டாஸை விற்றிருந்தால் முதலில் 1915க்குப் போன் செய்து தேசிய நுகர்வோர் உதவி மையத்தில் பதிவு செய்யுங்கள். தீரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த பணம் ஐந்து லட்சம் வரை இருந்தால் கட்டணமில்லை, வக்கீல் கட்டாயமில்லை, வாங்கிய கடை வெளியூரில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம். இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும்.

கொட்டகை வேலை செய்யும் தம்பிகளுக்கு: கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிவு செய்து, புதுப்பித்து வைத்துக்கொள்ளுங்கள். கல்நாரால் வரும் நுரையீரல் நோய் சட்டப்படி தொழில்நோய். ஆனால் டாக்டரிடம் இருமல் என்று மட்டும் சொன்னால் மருந்து கொடுத்து அனுப்பிவிடுவார். அரசு இராஜாஜி மருத்துவமனையானாலும் சரி, தெரு முனை கிளினிக்கானாலும் சரி, எத்தனை வருடமாக ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் அறுக்கிறீர்கள் என்பதை நீங்களே சொல்லி, ஓ.பி. சீட்டில் எழுதச் சொல்லி வாங்குங்கள். அந்தச் சீட்டையும் எக்ஸ்ரேயையும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.