டர்போவுக்குத் தெரியும் ஓசூர் ஏற்றம்

கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூருக்குக் காரில் போகிறவர்களில் பலர் தாங்கள் மேடேறுவதையே கவனிப்பதில்லை. தேசிய நெடுஞ்சாலை 44-இல் ஐம்பது கிலோமீட்டர், சூளகிரிப் பக்கம் சில ஏற்றங்கள், அவ்வளவுதான். ஆனால் கடல்மட்டத்திலிருந்து சுமார் 500 மீட்டரில் கிளம்பி, சுமார் 900 மீட்டருக்கு வந்து சேர்ந்திருப்பார்கள். சென்னையின் காற்றழுத்தத்தோடு பார்த்தால் ஓசூரில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு குறைவு. நமக்கு இது தெரியாது. இன்ஜினுக்குத் தெரியும்.

டர்போ இல்லாத பெட்ரோல் இன்ஜின் வெளியில் இருக்கும் காற்றை அப்படியே உறிஞ்சுகிறது. காற்று பத்து சதவீதம் மெலிந்தால் இழுவையும் கிட்டத்தட்ட அதே அளவு குறையும். ஓசூரின் குளிர்ச்சி அதில் கொஞ்சத்தைத் திருப்பித் தருகிறது. 38 டிகிரிச் சென்னைக் காற்றைவிட 25 டிகிரி ஓசூர்க் காற்று நாலு சதவீதம் அடர்த்தி கூடியது. மீதி நஷ்டம் நஷ்டம்தான்.

டர்போ இந்த நஷ்டத்தை மறைத்துவிடும். வீணாக வெளியே போகும் புகை ஒரு சிறு சக்கரத்தைச் சுழற்றுகிறது. அதே தண்டின் மறுமுனையில் இருக்கும் இன்னொரு சக்கரம் வெளிக்காற்றை அமுக்கி இன்ஜினுக்குள் தள்ளுகிறது. சுவிஸ் பொறியாளர் ஆல்ஃபிரெட் பூகி இதற்கு 1905-இல் காப்புரிமை வாங்கினார். 1918-இல் அமெரிக்காவின் சான்ஃபோர்ட் மோஸ், விமான இன்ஜினுக்கான டர்போவை 4,300 மீட்டர் உயரமுள்ள பைக்ஸ் பீக் மலையுச்சிக்கே கொண்டுபோய்ச் சோதித்தார். மெல்லிய காற்றில் தொலைந்த சக்தியை மீட்பதுதான் அவருடைய நோக்கம். இன்று நாம் 'பிக்கப்' என்று கொண்டாடும் சாமான், மேட்டுக்கு மருந்தாகவும் வளர்ந்தது.

அந்தச் சக்கரத்தைக் கையில் வைத்துப் பார்க்க வேண்டும். சின்ன காரின் டர்போவில் காற்றை அமுக்கும் அலுமினியச் சக்கரம் நான்கு சென்டிமீட்டர் அகலம் இருந்தால் அதிகம். உள்ளங்கையில் அடங்கிவிடும், இறகுகளின் விளிம்பு தகடுபோல மெலிந்திருக்கும். நிமிடத்துக்கு இரண்டு லட்சம் சுற்று என்று வைத்துக் கணக்குப் போட்டால், அந்த விளிம்பு விநாடிக்கு 400 மீட்டருக்கும் மேல் ஓடுகிறது. ஒலியின் வேகத்தைவிட அதிகம்! தண்டு உலோகத்தில் உரசுவதே இல்லை. மெல்லிய ஆயில் படலத்தில் மிதந்தபடி சுற்றுகிறது. பெட்ரோல் காரில் இந்தப் பக்கம் வெளிக்காற்று, அந்தப் பக்கம் 900 டிகிரியைத் தாண்டக்கூடிய புகை, நடுவில் அந்த ஆயில். பழைய ஆயிலை ஓட்டிக்கொண்டே டர்போவுக்கு 'அப்கிரேடு' தேடுகிறவர்களை என்ன சொல்ல!

இப்போது ஓசூர்க் கணக்குக்கு வருவோம். இன்ஜினுக்குள் 2 பார் அழுத்தத்தில் காற்று வேண்டும் என்று காரின் கம்ப்யூட்டர் கேட்கிறது. சென்னையில் டர்போ காற்றை ஏறத்தாழ இரண்டு மடங்கு அமுக்கினால் போதும். ஓசூரில் 2.2 மடங்கு அமுக்க வேண்டும். அமுக்கினால் காற்று சூடாகும். 30 டிகிரியில் நுழையும் காற்று சென்னையில் சுமார் 125 டிகிரியில் வெளியே வரும் என்றால், ஓசூரில் அதுவே சுமார் 140. சூடான காற்று மெலியும். தீப்பொறியில் கிளம்பிய சுடர் வந்து சேருமுன்பே மீதிப் பெட்ரோலைத் தானாக வெடிக்கவும் தூண்டும். இன்ஜின் 'தட்டுது' என்று மெக்கானிக்குகள் சொல்வது இதைத்தான். தட்டுவது கேட்டதும் கம்ப்யூட்டர் பொறியைத் தாமதப்படுத்தும், இழுவை குறையும். காசு கொடுத்து வாங்கிய குதிரைத்திறன் மலையேறும்போது காணாமல் போவது இப்படித்தான்.

ஸ்ரீபெரும்புதூரில் தயாராகும் ஐ20 என் லைன் கார், ஒரே லிட்டர் டர்போ இன்ஜினில் 120 குதிரைத்திறன் தருகிறது. கம்ப்யூட்டரின் சாஃப்ட்வேரை மாற்றி 'ரீமேப்' போட்டால் இன்னும் கூடும் என்பார்கள், கூடவும் செய்யும். எங்கிருந்து வருகிறது அந்த உபரி? கம்பெனிக்காரன் கஞ்சத்தனத்தில் பூட்டி வைத்ததில்லை. ராஜஸ்தான் வெயில், லடாக் உயரம், மட்டமான பெட்ரோல், ஆயில் மாற்ற மறக்கும் ஓனர் என்று எல்லாவற்றையும் தாங்க விட்டுவைத்த இருப்பு. ஓசூர் ஏற்கெனவே அந்த இருப்பிலிருந்து ஒரு பங்கைச் செலவழித்துக்கொண்டிருக்கிறது. ரீமேப் மிச்சத்தையும் கேட்கிறது.

அதனால் இந்த ஊரில் முதல் செலவு டயருக்கும் பிரேக்குக்கும் என்பேன். அடுத்தது இன்டர்கூலர். அமுக்கிச் சூடான காற்றை ஆற வைக்கும் ரேடியேட்டர் அது. 1980 முதல் லாரி கட்டும் அசோக் லேலண்டின் ஊருக்கு இதைப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. 140 டிகிரிக் காற்றை 50-க்கு இறக்கினால், அழுத்தம் மாறாமலேயே அடர்த்தி கால் பங்குக்கு மேல் கூடுகிறது. டர்போவைக் கூடுதலாக வதைக்காமல் கிடைக்கும் லாபம் இது. ஆனால் கிடைப்பதிலேயே பெரியதை வாங்கி மாட்டினால், நிரப்ப வேண்டிய இடம் அதிகமாகி ஆக்சிலேட்டருக்கு வண்டி தாமதமாகப் பதில் சொல்லும். 'புஸ்' என்று சத்தம் போடும் வால்வு? காதுக்கு நல்லது, வண்டிக்கு ஒன்றுமில்லை.

மாட்டுகிற வேலையில்தான் பாதி விஷயம். இன்டர்கூலர் ஹோஸின் ஓரத்தில் ஒரு கிளாம்ப் சாய்ந்து உட்கார்ந்தால் போதும், ஆயில் ஈரத்தில் ஹோஸ் மெல்ல வழுக்கி, லோடில் காற்று கசியும். வெளியில் எதுவும் தெரியாது. குறைந்த காற்றை ஈடுகட்ட டர்போ இன்னும் வேகமாகச் சுற்றும், தன் எல்லையைத் தாண்டியும் சுற்றும். வேலை முடிந்ததும் குழாய்களுக்குள் புகையை ஏற்றிக் கசிவு பார்க்கும் கடைதான் நல்ல கடை. அழுத்தம் கூட்டியிருந்தால் ஸ்பார்க் பிளக் இடைவெளியையும் குறைக்க வேண்டும். அடர்ந்த காற்றில் பொறி தாவத் திணறும்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். பெங்களூரில் உதிரிப்பாகம் மாட்டிக்கொண்டு வந்தால் இங்கே யார் கேட்பார்கள் என்று ஓசூரில் ஒரு நினைப்பு உண்டு. 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு மத்தியச் சட்டம். மாநில எல்லையான அத்திப்பள்ளிக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் ஒன்றேதான். கம்பெனியின் மூல அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் சொல்லிவிட்டது. அதே ஆண்டுத் திருத்தத்தின்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ. சைலன்சர் வழியிலுள்ள கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைக் கழற்றுவது இதில் மிக மோசமான வேலை. நச்சுப் புகையை நேராக அடுத்தவர் முகத்தில் விடுகிறோம். மாற்றத்தை இன்சூரன்ஸ் கம்பெனிக்குச் சொல்லாவிட்டால் விபத்தன்று கிளெய்மும் சிக்கலாகும்.

இவ்வளவுக்குப் பிறகும் சட்டம் அனுமதிக்கும் எல்லைக்குள் ஏதாவது செய்யத்தான் போகிறீர்கள் என்றால், கடைக்காரரிடம் மூன்று விஷயம் கேளுங்கள்: இந்த உயரத்தில் எடுத்த காற்றழுத்த, வெப்பநிலைப் பதிவு, கசிவுச் சோதனையின் முடிவு, கம்பெனி மூல சாஃப்ட்வேரின் நகல். பெங்களூரும் ஏறத்தாழ 900 மீட்டரில்தான் இருக்கிறது. அங்கே சோதித்த பதிவு இங்கே செல்லும், சென்னைப் பதிவு செல்லாது. மூன்றில் ஒன்று இல்லை என்றாலும் சாவியைக் கொடுக்காதீர்கள்.